சிறுவாணித் தண்ணீரில் ஒரு பாம்பு

தொண்ணூற்று நாலாம் வருஷத்து ஐப்பசி மழை, சிங்காநல்லூர்க் குளத்தை நிரப்பிய பிறகும் நிற்கவில்லை. குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த கண்ணையாவின் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் முட்டளவு தண்ணீர் ஏறி, ஒரு வாரம் நின்று, வடிந்தது. வடிந்ததும் சேற்றைக் கழுவி, மோட்டார்களைக் காயவைத்து, மறுபடி வேலையைத் தொடங்கினார்கள்.

முன்புறம் வீடு, பின்புறம் ஒர்க்‌ஷாப். செய்து முடித்த ஒவ்வொரு பம்ப்பையும் அனுப்புவதற்கு முன் ஓட்டிப் பார்க்க, பத்தடி நீளத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தார்கள். பம்ப் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பக்கத்திலிருக்கும் இரும்பு டிரம்மில் கொட்டும். டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச் பிடித்துப் பார்ப்பது கண்ணையாவின் மனைவி ரங்கநாயகியின் வேலை. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், யாரோ லீவு போட்டார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்; பத்தொன்பது வருஷமாக வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டே விநாடியைச் சொல்லிவிடுவாள். வாட்ச் அதற்குப் பிறகு ஆமாம் போடும்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் ஒரு பம்ப் தகராறு செய்தது. நாற்பத்தைந்து விநாடியில் நிரம்ப வேண்டிய டிரம், எழுபது தாண்டியும் நிரம்பவில்லை. கண்ணையா மூடியைக் கழற்றினார், உள்ளே சுழலும் இம்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தார், மறுபடி மாட்டினார். அப்போதும் எழுபதுதான். பம்ப்பில் ஒன்றுமில்லை, தொட்டிக்குள் குழாயின் அடியில் கிடக்கும் புட்வால்வைத் தூக்கிப் பாருங்கள் என்றாள் ரங்கநாயகி. மனைவி சொல்லித் தெரிந்துகொண்டதாக இருக்கக் கூடாதே என்று அவர் இன்னும் இரண்டு இடங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஃபிட்டர் வேலனைக் கூப்பிட்டுக் குழாயைத் தூக்கச் சொன்னார்.

குழாயின் அடியில், தண்ணீர் உள்ளே போகும் இரும்புச் சல்லடையில், ஒரு பாம்பு சிக்கியிருந்தது. மூன்றடி நீளம் இருக்கும். சேற்றுப் பச்சை உடம்பில் சதுரங்கப் பலகை போலக் கறுப்புக் கட்டங்கள். பம்ப் இழுத்த வேகத்தில் உடம்பின் நடுப்பகுதி சல்லடையின் கம்பிகளுக்குள் புகுந்து, வெளியே வரமுடியாமல் இறுகிக் கிடந்தது. வேலன் குழாயைக் கீழே போட்டுவிட்டு நாலடி பின்னால் போனான். இன்னொருவன் கடப்பாரையை எடுத்தான்.

ரங்கநாயகி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, குனிந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கறுப்புக் கோடுகள். அது போதும் அவளுக்கு. கடப்பாரையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ஸ்குரூ டிரைவரால் சல்லடைக் கம்பியை நெம்பி, பாம்பை மெல்ல உருவினாள். முக்கால்வாசி வந்ததும் அது திரும்பி, அவளுடைய கட்டைவிரலுக்குக் கீழே கடித்தது. ஊசியால் வரிசையாகக் குத்தியது போல ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது.

வேலன் கட்டுப் போடத் தன் துண்டைக் கிழித்துவிட்டான். கண்ணையா ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து, ஆஸ்பத்திரிக்கு ஏறு என்று நின்றார். ரங்கநாயகி பாம்பை ஒரு பெயிண்ட் வாளிக்குள் விட்டு, தட்டால் மூடி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தண்ணிப் பாம்புங்க இது. வெசமில்லை. நானு வெள்ளலூர் வாய்க்கால்ல குளிச்சு வளந்தவ. இதுகிட்டக் கடி வாங்காத புள்ள எங்கூர்ல இல்லைங்க. ஸ்கூட்டரை நிறுத்திப்போட்டு அடுத்த பம்ப்பை மாட்டுங்க."

சொன்னது மட்டுமல்ல, சாயங்காலம் வரை அதே நாற்காலியில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து ஒன்பது பம்ப்புகளுக்கு விநாடி பார்த்தாள். அரை மணிக்கு ஒரு தடவை வேலன் வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாம்புக்குத்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் உள்ளங்கை நீளத்துக்குத் தோல் வழன்று, சிவப்பாகச் சதை தெரிந்தது. இந்தப் புண்ணோடு குளத்தில் விட்டால் மீன்கள் கொத்தியே தின்றுவிடும் என்று அவள் சொன்னாள். அதனால் அது வீட்டுக்கு வந்தது.

வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மகள் ஹாரிகா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் தங்க மீன் வேண்டுமென்று அழுதபோது, உக்கடத்தில் மீன் தொட்டி செய்து விற்கும் யாகூப் பாயிடம் வாங்கியது. மீன்கள் ஒரு வருஷத்தில் போய்ச் சேர்ந்தன. ஹாரிகா இப்போது காலேஜில் முதல் வருஷம். அவளுடைய பழைய நோட்டுகள் தொட்டியில் கிடந்தன. ரங்கநாயகி நோட்டுகளை வெளியே எடுத்துவிட்டுப் பாம்பை உள்ளே விட்டாள். ஹாரிகா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. சண்டை முற்றினால் மட்டும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தமிழ் வரும். அன்று சாப்பாடு முடிகிற வரை தமிழிலேயே பேசினார்கள். கடைசியில் பத்து நாள் என்று கண்ணையா கெடு வைத்தார். சரி என்றாள் அவள். யாரும் குறை சொல்லக் கூடாது என்று, காயம்பட்ட தண்ணீர்ப் பாம்பு ஒன்று என் வீட்டில் இருக்கிறது, ஆறியதும் குளத்தில் விட்டுவிடுவேன் என வனத்துறை ஆபீசுக்கு அவளாகவே ஒரு கடிதம் எழுதினாள். ஒரு வாரம் கழித்து ஒரு வனக் காவலர் வந்தார். ஹால் வாசற்படியில் நின்றபடியே பாம்பைப் பார்த்தார், காபி குடித்தார், ஆறியதும் விட்டுவிட்டுத் தகவல் சொல்லும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பாம்பு நன்றாகச் சாப்பிட்டது. குளத்தில் வலை போடுகிறவர்களிடம் சொல்லி, சுண்டுவிரல் அளவு ஜிலேபி மீன் குஞ்சுகளை வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். முதல் இரண்டு நாள் திரும்பிப் பார்க்காத பாம்பு, மூன்றாம் நாள் மூலைக்கு ஒதுக்கி ஒதுக்கி மூன்றைப் பிடித்தது. தண்ணீருக்கும் அவள் குறை வைக்கவில்லை. குழாயில் ஒன்று விட்டு ஒரு நாள் வரும், ருசிக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர் அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். மதுக்கரையில் இருக்கும் கண்ணையாவின் தங்கை வந்தால், திரும்பிப் போகும்போது ஒரு கேன் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். அந்தத் தண்ணீரில் தினமும் நாலு குடம் பாம்புக்குப் போயிற்று. காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, கண்ணாடியைத் தேய்த்து, புதிதாக நிரப்புவாள். தொட்டி பளிங்கு மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் குடிக்கத் தவம் கிடக்கும் தண்ணீரில் பாம்பு குளிக்கிறது என்று கண்ணையா புலம்பியபோது, புண் உள்ள ஜீவனுக்குச் சுத்தம்தான் முதல் மருந்து என்றாள்.

பத்து நாளில் புண்ணின் ஓரங்கள் கூடி வந்தன. ஆனால் வேறொன்று தொடங்கியது. வயிற்றுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக, வெந்நீர் பட்டது போலச் சின்னக் கொப்புளங்கள். முதலில் நாலைந்து, ஒரு வாரத்தில் கழுத்து வரை. பாம்பு மீனைத் தொடுவதை நிறுத்தியது. மூக்கை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கண்ணாடியோரமாக நாள் முழுக்கச் செங்குத்தாக நின்றது.

கண்ணையா வைத்த கெடு முடிந்திருந்தது. அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. மாட்டு டாக்டரிடம் கேட்டாள். பாம்பைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நேர்மையாகச் சொல்லி, ஒரு களிம்பை மட்டும் கொடுத்தார். களிம்பு தண்ணீரில் கரைந்து மிதந்தது. இன்னும் அழுக்கு இருக்கிறது போல என்று எண்ணி, ரங்கநாயகி காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற ஆரம்பித்தாள். கொப்புளம் கூடியது.

தொட்டியின் கண்ணாடி ஒட்டில் எங்கேனும் விரிசல் விட்டு அழுக்குத் தங்குகிறதோ என்று பார்க்க, யாகூப் பாய்க்கு போன் செய்தாள். உக்கடத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்த மனிதர், தொட்டிக்குள் இருப்பது மீனில்லை என்று தெரிந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒட்டில் ஒரு பழுதும் இல்லை என்று தூரத்திலிருந்தே சொன்னார். கிளம்பவும் இல்லை, கொஞ்ச நேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ரொம்பச் சுத்தமா இருக்குதுங்கக்கா."

"சுத்தமா இருந்தா நல்லதுதானுங்களே பாய்."

"நமக்கு நல்லதுங்க. மருந்து வேற கலந்துதான குழாயில உடறாங்க. எங்க கடையில ஃபைட்டர் மீனுக்கு, காஞ்ச பாதாம் இலையை ஊறப்போட்டு, டீத்தண்ணி கணக்கா ஆக்கித்தானுங்க உடுவோம். இல்லைன்னா இதே மாதிரி வெள்ளை பூத்துப்போகும். இது குளத்துல இருந்த சீவனுங்க. குளத்துத் தண்ணி என்ன நெறத்துல இருக்குதுன்னு பாருங்க."

அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள். மனதுக்குள் சுருக்கென்றிருந்தது. சிறுவாணித் தண்ணீரை ஒருத்தர் குறை சொல்லி அவள் கேட்டதில்லை. மீன் விற்கிறவருக்குப் பாம்பைப் பற்றி என்ன தெரியும் என்று கணவரிடம் சொன்னாள். கண்ணையா, உனக்கு மட்டும் என்ன தெரியும் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தொட்டி காலியாக இருந்தது. மேலே மூடியிருந்த பிளைவுட் பலகை, அதன்மேல் வைத்த செங்கல்லோடு, இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தது.

மூன்று நாள் தேடினார்கள். கட்டிலைப் புரட்டி, பீரோவை நகர்த்தி, அரிசி டின்னைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஹாரிகா ஒரு பை துணியோடு பீளமேட்டில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணையா பேண்ட்டை உதறி உதறிப் போட்டுக்கொண்டார். அது வெளியே போயிருக்கும், நல்லதுதான் என்று வேலன் ஆறுதல் சொன்னான். ரங்கநாயகியோ, அந்த உடம்போடு, தண்ணீர் இல்லாத வீட்டில், அது எங்கேயோ காய்ந்து கிடக்கிறது என்றுதான் நினைத்தாள். தான் காப்பாற்றப் போவதாகச் சொல்லி ஊரைக் கூட்டி, கொன்றுவிட்டோம் என்று நினைத்தபோது, அடுப்படியில் நின்றபடியே கண் கலங்கிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம் மாவுப் பாத்திரத்தை வைக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் ஏதோ காகிதம் போல ஆடியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு சுவரோரமாகக் குனிந்து பார்த்தாள். பின்பக்கக் கம்பிகளில் ஒரு பாம்புச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, கதகதவென்றிருந்த கம்ப்ரஸரின் மேல் சுருண்டு, பாம்பு அவளைப் பார்த்தது.

அவள் அதை உடனே எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து டார்ச் அடித்து நிதானமாகப் பார்த்தாள். கொப்புளங்கள் பெரும்பாலும் சட்டையோடு போய்விட்டிருந்தன. புதுத்தோல் எண்ணெய் தடவினது போல மினுங்கியது. புண் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு தழும்பு. கம்ப்ரஸருக்குக் கீழே, ஃபிரிட்ஜ் உருகும் தண்ணீர் சொட்டுகிற தட்டு. அதில் ஒரு அங்குலம் பழுப்புத் தண்ணீர் நின்றது. தட்டின் ஓரத்திலிருந்த தூசியில் பாம்பு ஏறி இறங்கிய தடம் தெரிந்தது. சூடு ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். வேண்டும்போது அது, வேண்டாதபோது இது. தினம் நாலு குடம் சுமந்து அவள் கொடுக்காததை, அது தானாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தது.

பம்ப் டெஸ்ட்டில் விநாடி தப்பினால் அவள் வாட்சோடு சண்டை போடமாட்டாள். எங்கே அடைப்பு என்று பார்ப்பாள். இங்கே அடைப்பு தானேதான் என்பது அவளுக்குப் புரிந்துபோயிற்று. அதற்காக வெகுநேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும் ஆளும் அவள் இல்லை. பாம்பை எடுத்து வாளியில் விட்டாள். எடுக்கும்போது அது இரண்டாம் தடவை கடித்தது. கையைக் கழுவிக்கொண்டு, உக்கடத்துக்கு பஸ் ஏறினாள்.

யாகூப் பாய் கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். அவள் நேரடியாகவே விஷயத்துக்கு வந்தாள்.

"பாய், நீங்க சொன்னது சரிதானுங்க. நாந்தான் கேக்காமப் போயிட்டேன். ஆனா நீங்க சொன்னதுல பாதிதான் இருக்குது. தண்ணி நெறம் மட்டும் பத்தாது. அதுக்கு ஏறிப் படுக்கக் காஞ்ச எடம் வேணும், சூடு வேணும். அப்படித் தொட்டி ஒண்ணு செய்ய முடியுங்களா?"

பாய் கண்ணாடி அறுக்கும் கருவியைக் கீழே வைத்தார். பழைய தொட்டியே போதும், குறுக்கே ஒரு தடுப்பு ஒட்டினால் ஆயிற்று என்றார். ஒரு பக்கம் அரையடித் தண்ணீர், மறு பக்கம் மணலும் செங்கல்லும். தடுப்பின் மேல் விளிம்பை மழுக்கிவிடுகிறேன், ஏறி இறங்கும்போது உடம்பு கீறாது என்று அவராகவே சொன்னார். பாம்பு வாளியில் இருக்கும்வரைதான் தொட்டியில் கை வைப்பேன் என்பது ஒன்றுதான் அவர் போட்ட நிபந்தனை. மறுநாள் வந்து ஒட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு பை நிறையக் காய்ந்த பாதாம் இலையும் வைத்துவிட்டுப் போனார்.

மூடியைக் கண்ணையா செய்தார். இனி ஒரு தடவை பேண்ட்டை உதறிப் போடும் உத்தேசம் அவருக்கு இல்லை. இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து, கம்பி வலை அடித்து, நாலு பக்கமும் கொக்கி போட்டு, மணல் பக்கத்துக்கு மேலே ஒரு அறுபது வாட் பல்புக்கும் இடம் விட்டார். இலை ஊறி, தண்ணீர் இரண்டு நாளில் கடுங்காபி நிறத்துக்கு வந்தது. ஹாலில் அதைப் பார்க்க ரங்கநாயகிக்குக் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றுவதில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

பாம்பு காலையில் பல்புக்கு அடியில் படுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் இறங்கி இலைகளுக்கு நடுவே காணாமல் போயிற்று. நாலாம் நாள் மீன் பிடித்தது. மார்கழியில் இன்னொரு சட்டை உரித்தபோது கடைசிக் கொப்புளமும் போய்விட்டது. ஹாரிகா திரும்பி வந்தாள். கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். இரண்டு காலும் நாற்காலியின் மேல்தான்.

எல்லோரையும் விட மாறியது கண்ணையா. பம்ப் வாங்க வரும் டீலர்களை முதலில் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் போனவர், இப்போது ஹாலுக்குக் கூட்டிவந்தார். தன் பம்ப்பின் இழுவைக்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்பது அவர் பேச்சு. அந்தியூரிலிருந்து வந்த சுப்பண்ணன் என்ற டீலரிடம், தொட்டியின் அந்தக் கோடியில் நீந்திக்கொண்டிருந்த பாம்பைப் பம்ப் பிடித்து இழுத்துவிட்டது என்று சொன்னார். தொட்டி பத்தடி என்பது பதினைந்தடி ஆயிற்று. மூன்றடிப் பாம்பு ஐந்தடி ஆயிற்று. பாம்பு பக்கத்திலேயே இருந்ததால் அதற்கு மேல் நீட்ட முடியவில்லை. தான் புட்வால்வைப் பார்க்கச் சொன்னதும் தான் கடி வாங்கியதும் அந்தக் கதையில் எங்குமே வராததை ரங்கநாயகி காபி டம்ளரோடு நின்று கேட்பாள். சிரிப்பாக இருக்கும். தமிழுக்கு மாறும் அளவுக்குக் கோபம் வராது.

தை பாதியில் பாம்பு சாப்பாட்டைக் குறைத்தது. ஆனால் உடம்பு மெலியவில்லை. பின்பாதி தடித்துக்கொண்டே வந்தது. பல்புக்கு அடியில் மணலை மூக்கால் நெட்டி நெட்டி, எதையோ தேடியது. முட்டை என்றாள் ரங்கநாயகி. வாய்க்கால் கரை வளைகளில் இந்தப் பாம்பு முட்டையிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். இதை இன்றோ நாளையோ விட்டுவிட வேண்டும் என்றாள்.

கண்ணையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பத்து நாள் கெடு வைத்தவர் அவர்தான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை. முட்டையிட இங்கேயே ஏற்பாடு செய்யலாம் என்றார். மண் கொட்டி, பெரிய பெட்டியாக வெல்டிங் வைத்துத் தருகிறேன், யாகூப் பாயிடமும் பேசுகிறேன் என்றார். அவர் அத்தனை ஆசையாக எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தெலுங்கிலேயே பதில் சொன்னாள்.

"ஏனுங்க, ஒரு பாம்பையே மூணு வாரம் தப்பா வெச்சிருந்தேன். அது தப்பிச்சுப் போய்க் காட்டிக் குடுத்துச்சு. முட்டை எந்திரிச்சுப் போய்க் காட்டிக் குடுக்காதுங்க."

அவர் மறுநாள் காலையில் ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தினார்.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். குளத்தின் வடகரையில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து இறங்கினார்கள். தண்ணீர் கொஞ்சம் இறங்கி, கரையில் நண்டு வளைகளும் எலி வளைகளும் வெளியே தெரிந்தன; மேலே வெயில் படும் மண், கீழே கோரை. அவள் கரை நெடுக நடந்து மூன்று இடங்களை வேண்டாமென்று தள்ளி, நாலாவது இடத்தில் வாளியைச் சாய்த்தாள்.

பாம்பு வெளியே வந்தது. அசையாமல் கிடந்து நாக்கை நீட்டிக் காற்றைப் பார்த்தது. பிறகு நேரே தண்ணீருக்குப் போகாமல், கரையோரமாகவே ஊர்ந்து, ஒவ்வொரு வளையாகத் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டு போயிற்று. ஐந்தாவது வளைக்குள் தலை போயிற்று, கறுப்புத் தழும்பு போயிற்று, வால் நுனி கொஞ்ச நேரம் வெளியே இருந்து, அதுவும் போயிற்று.

பக்கத்தில் எருமை குளிப்பாட்ட வந்த ஒரு பெரியவர், எதை விட்டீர்கள் என்று கேட்டார். தண்ணீர்ப் பாம்பு என்றாள்.

"கடிக்குங்களா அம்மணி?"

"நல்லாக் கடிக்குங்க. வாளியில போடறப்ப இன்னைக்குக் கூட ஒண்ணு வாங்கினேன்" என்று கையை நீட்டிக் காட்டினாள். புள்ளிகளில் ரத்தம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, எருமையை நாலடி தள்ளி ஓட்டிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினார்.

கண்ணையா கரையில் குந்தி உட்கார்ந்து அந்த வளையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் பதினோரு பம்ப்புகள் காத்திருக்கின்றன என்று ரங்கநாயகி தெலுங்கில் சொன்னாள். அவர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். வாளியைக் குளத்துத் தண்ணீரில் அலசி எடுத்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் ஏறினாள்.